சர்வரின் சாவி பிரவுசரில்

நேற்று வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணையதளம், ஒரு பிளகினை அப்டேட் செய்த அடுத்த நிமிடம் வெறும் வெள்ளைத் திரையாகிவிடுகிறது. கடைக்கோ பள்ளிக்கோ வேர்ட்பிரஸ்ஸில் தளம் வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். நிர்வாகப் பக்கத்துக்குள் போய் அந்த பிளகினை நிறுத்தலாம் என்றால் அதுவும் வெள்ளை. தளத்தை அமைத்துக் கொடுத்தவருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை.

அந்த நேரத்தில் கைகொடுப்பது ஹோஸ்டிங் கணக்கோடு சேர்ந்தே வரும் ஃபைல் மேனேஜர். ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் திரையான சிபேனலுக்குள் பிரவுசரில் லாகின் செய்து அதைத் திறந்தால் இடப்பக்கம் ஃபோல்டர்களின் வரிசை, வலப்பக்கம் கோப்புகளின் பட்டியல். ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ என்ற ஃபோல்டரில்தான் தளம் இருக்கிறது. அதற்குள் ‘டபிள்யூபி கன்டென்ட்’, அதற்குள் ‘பிளகின்ஸ்’. வம்பு செய்த பிளகினின் ஃபோல்டர் அங்கே தன் பெயரிலேயே கிடக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, ரீநேம் அழுத்தி, பெயரின் கடைசியில் இரண்டு எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும். வேர்ட்பிரஸ் அந்த பிளகினைத் தேடும், கிடைக்காது, அதை விட்டுவிட்டுத் தளத்தைத் திறந்துவிடும்.

ஒரு வரி நிரல்கூட எழுதாமல், எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கணினியில் இருக்கும் ஃபோல்டரின் பெயரை ஒருவர் மாற்றிவிட்டார். கணினி படிக்காத லட்சக்கணக்கானவர்கள் சொந்தமாக இணையதளம் நடத்த முடிகிறது என்றால், அதில் இந்தச் சாதாரணத் திரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதே திரை, கவனம் தப்பினால் மொத்தத் தளத்தையும் அந்நியர் கையில் கொடுத்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அது புரியும்.

1971-ல் ஓர் இந்திய மாணவர்

வேறோர் இடத்தில் இருக்கும் கணினிக்குக் கோப்பு அனுப்புவது இணையத்தைவிடப் பழைய தேவை. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-ல் தொடங்கியது. அதில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்புகளை எப்படி மாற்றுவது என்பதற்கான முதல் விதிமுறையை 1971 ஏப்ரல் 16 அன்று ‘ஆர்எஃப்சி 114’ என்ற ஆவணமாக எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு, அமெரிக்காவின் எம்ஐடிக்கு மேற்படிப்புக்குப் போனவர். எஃப்டிபி என்று இன்றும் அழைக்கப்படும் முறைக்கு அதுதான் தொடக்கம். பின்னால் பலமுறை திருத்தப்பட்டு, 1985 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 959-ல் அது நிலையான வடிவம் பெற்றது.

எஃப்டிபி நம்பகமாக வேலை செய்தது. ஆனால் அது உருவான காலத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். அதனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல் வெறும் எழுத்துகளாகவே கம்பியில் போயின. வழியில் ஒட்டுக்கேட்பவர் யாரானாலும் அவற்றைப் படிக்கலாம். இன்னொரு சிரமம், எஃப்டிபிக்குத் தனி மென்பொருள் வேண்டும். ஃபைல்ஸில்லா போன்ற ஒன்றை நிறுவி, சர்வரின் முகவரி, போர்ட் எண், பயனர் பெயர் எல்லாம் கொடுத்தால்தான் உள்ளே நுழைய முடியும். தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. புதிதாக வருபவருக்கு முதல் படியே சறுக்கும்.

பிரவுசரிலேயே இதைச் செய்ய முடியாதா? டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் எழுதிய முதல் பிரவுசர் பக்கங்களைப் படிக்க மட்டுமல்லாமல் எழுதவும் திருத்தவும் வசதி கொண்டிருந்தது. அடுத்து மக்களிடம் பரவிய பிரவுசர்கள் படிப்பதோடு நின்றுவிட்டன. படிவத்தில் ‘கோப்பைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற பொத்தானை வைக்க வழிசெய்த விதிமுறை, ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் எழுதி 1995 நவம்பரில்தான் வந்தது. இன்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் புகைப்படம் ஏற்றுவதும், பிரவுசரில் மின்னஞ்சலுக்குக் கோப்பு இணைப்பதும் அந்த வழியில் வந்தவை. 1996-ல் சிபேனல் பிறந்தது. 1999-ல் வெப்டாவ் என்ற விதிமுறை வந்து, வலைவழியே ஃபோல்டர் உருவாக்குவது, நகலெடுப்பது, நகர்த்துவது, ஒருவர் திருத்தும்போது மற்றவர் கைவைக்காதபடி பூட்டுவது ஆகியவற்றுக்கெல்லாம் முறையான கட்டளைகளைத் தந்தது.

பழைய முறை மெல்ல ஒதுங்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜூலையிலும் குரோம் அதே ஆண்டு அக்டோபரிலும் எஃப்டிபி ஆதரவை முழுமையாக நீக்கிவிட்டன. அதன் பாதுகாப்பான மாற்றுகள் தொழில்முறையாளர்களிடம் இன்றும் இருக்கின்றன. சாதாரணப் பயனரின் கையில் இருப்பது பிரவுசர் ஃபைல் மேனேஜர்தான்.

கிளிக் செய்தால் என்ன நடக்கிறது?

திரையில் தெரியும் ஃபோல்டர்களைப் பார்த்தால் நம் கணினியில் இருப்பவைபோலவே இருக்கும். ஆனால் அங்கே நாம் எந்த ஃபோல்டரையும் நேரடியாகத் தொடுவதில்லை.

தாலுகா அலுவலகத்தின் பதிவறையை நினைத்துக்கொள்ளலாம். நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று சீட்டு நீட்டுகிறோம். உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்த்து, என்னென்ன இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு வந்து தருபவர் எழுத்தர். ஃபைல் மேனேஜர் என்பது சர்வரில் ஓடும் அந்த எழுத்தர். பெரும்பாலும் பிஹெச்பி போன்ற மொழியில் எழுதப்பட்ட ஒரு நிரல். ஃபோல்டர் மேல் கிளிக் செய்தால் ‘இதற்குள் இருப்பவற்றின் பட்டியல் வேண்டும்’ என்ற கோரிக்கை போகிறது. நிரல் அதைப் படித்து, பெயர், அளவு, தேதி, அனுமதி எண் ஆகியவற்றை அனுப்புகிறது. பிரவுசர் அதை ஐகான்களாக வரைந்து காட்டுகிறது.

இதிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகும். திரையில் தெரிவது பட்டியல் கேட்ட நொடியில் இருந்த நிலை. அதன்பின் வேறொருவர் ஒரு கோப்பை நீக்கியிருந்தாலும் ரீலோட் செய்யும்வரை நமக்கு அது இருப்பதாகவே தெரியும். இருவர் ஒரே கோப்பை இரண்டு பிரவுசர்களில் திறந்து திருத்தினால், பல ஃபைல் மேனேஜர்களில் கடைசியாகச் சேமித்தவரின் திருத்தமே நிற்கும். முதலாமவரின் உழைப்பு சத்தமில்லாமல் அழிந்துபோகும்.

இன்னொன்று, எழுத்தருக்கு எந்த அறைவரை போக அனுமதியோ அங்குவரைதான் நமக்கும் அனுமதி. சீட்டு நீட்டுவது உரியவர்தானா என்று பார்க்க எழுத்தர் தவறினால், வழியில் போகிற யாரும் எதையும் கேட்டு வாங்கலாம். இதைப் பிறகு பார்ப்போம்.

வேகத்தின் கணக்கும் இதில்தான் இருக்கிறது. சர்வரில் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு ஜிபி வீடியோவை நகலெடுத்தால் அது நம் வீட்டு இணைப்பின் வழியாக வருவதே இல்லை. நாம் அனுப்புவது கட்டளை மட்டும். வேலை முழுவதும் அங்கேயே நடந்துவிடும். அதே வீடியோவை நம் கணினியிலிருந்து ஏற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு பைட்டும் நம் இணைப்பின் வழியே போயாக வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் ஜிப் முறையை விரும்புவது இதனால்தான். வேர்ட்பிரஸ் என்பது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளின் தொகுப்பு. ஒவ்வொன்றாக அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிக்கை, ஒரு பதில் என்று நேரம் போகும். பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்றே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக்கி ஏற்றிவிட்டு, ஃபைல் மேனேஜரில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ அழுத்தினால் சர்வரே பிரித்துக்கொள்கிறது.

ஏற்றும்போது ‘கோப்பு பெரிது’ என்று திருப்பி அனுப்பப்படுவதும் பலருக்கு நேர்வது. பிஹெச்பி நிரலுக்கு இயல்பாக வைக்கப்பட்டிருக்கும் வரம்பு 2 எம்பிதான். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைத் தாண்டிவிடும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் இந்த வரம்பை உயர்த்தித்தான் கொடுக்கின்றன. சொந்தமாகச் சர்வர் அமைப்பவர்கள் அதைத் தாங்களே மாற்ற வேண்டும்.

644, 755, 777

பட்டியலின் ஓரத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே 644 போன்ற அனுமதி எண் ஒன்று இருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. உண்மையில் சர்வரின் பாதுகாப்பில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அதில் படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. இவற்றைக் கூட்டினால் ஒருவருக்கான மொத்த உரிமை வரும். முதல் இலக்கம் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும் செய்யலாம். சாதாரணக் கோப்புகளுக்கு இதுவே போதும். ஃபோல்டரைப் பொறுத்தவரை ‘இயக்கும் உரிமை’ என்பதற்கு உள்ளே நுழையும் உரிமை என்று பொருள். அதனால் ஃபோல்டர்களுக்கு 755.

777 என்பது யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம், மாற்றலாம் என்ற முழுத் திறப்பு. ஏதாவது ஒரு பிளகின் ‘எழுத முடியவில்லை’ என்று முரண்டு பிடிக்கும்போது, ‘777 போட்டுப் பாருங்கள்’ என்று யோசனை சொல்வதற்கு ஆள் உண்டு. பிழைச் செய்தி மறைந்துவிடும். அத்தோடு பாதுகாப்பும் போய்விடும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவு ஹோஸ்டிங்கில் இது இன்னும் ஆபத்து. எழுத முடியவில்லை என்றால், அந்தக் கோப்பு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைச் சரிபார்த்து, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் உரிமையாளரை மாற்றித் தரச் சொல்வதே முறை.

புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகளும் கவனத்துக்குரியவை. லினக்ஸ் அவற்றை மறைத்து வைக்கும். சிபேனலில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டு என்று டிக் செய்தால்தான் தெரியும். எச்டி-அக்சஸ் கோப்பு அப்படிப்பட்டது. எந்த முகவரி எங்கே போக வேண்டும், எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. அதில் ஒரு வரி பிழையானால் மொத்தத் தளமும் 500 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். திருத்துவதற்கு முன் அதே ஃபோல்டரில் அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பது, பிழை நேர்ந்தால் ஒரு நிமிடத்தில் மீள்வதற்கான வழி.

‘கொடி’ தொலைந்த கதை

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு வேறு சில சிக்கல்கள் உண்டு. இவற்றை ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

சர்வர்களில் பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம், தமிழில் 85 குறியீடுதான். அதிலும் உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, அதன் உயிர்க்குறிக்கு ஒன்று என்று கணக்குப் போகும். ஒரு விழாவின் முழுப் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் சேர்த்துப் புகைப்படத்துக்குப் பெயர் வைத்தால் வரம்பு எளிதில் தாண்டிவிடும்.

இதைவிடக் குழப்பமானது, ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்படுவது. ‘கொடி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்பதை ‘க’வும் ஒகரக் குறி ஒன்றுமாகச் சேமிக்கலாம். அல்லது ‘க’, முன்னால் வரும் ஒற்றைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்றாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டும் யூனிகோடின்படி செல்லும். முதல் முறையில் ‘கொடி’க்கு 12 பைட், இரண்டாவதில் 15 பைட். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்தே வைத்துக்கொள்ளும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் முதல் விதமாக வரும்.

விளைவு இதுதான். மேக்கிலிருந்து ‘கொடி’ என்ற படத்தை ஏற்றுகிறார் ஒருவர். விண்டோஸிலிருந்து பக்கத்தில் அதற்கு இணைப்புக் கொடுக்கிறார் இன்னொருவர். பக்கத்தில் படம் வரவில்லை, ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பதற்கான 404 பிழை வருகிறது. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் ‘கொடி’ அங்கே பத்திரமாக இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கோ பைட்டுகள் வேறு, ஆகவே கோப்பும் வேறு. ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘கொடி’கள் அருகருகே இருக்கவும் கூடும்.

இன்றைய நிலையில் பாதுகாப்பான வழி, சர்வரில் கோப்புப் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பெயரைப் பக்கத்தின் தலைப்பிலும் படவிளக்கத்திலும் எழுதுவது. சிறிய எழுத்து என்பதும் முக்கியம். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும், லினக்ஸ் பார்க்காது. கேமராக்கள் ‘ஜேபிஜி’ என்ற பின்னொட்டைப் பெரிய எழுத்தில் தருவதால் காணாமல்போகும் படங்கள் ஏராளம். நிரல் எழுதுபவர்களுக்கும் இதில் கடமை உண்டு. பெயரை வாங்கும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி எல்லா முக்கிய நிரல்மொழிகளிலும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தமிழில் பெயர் வைப்பவர் இந்தத் தொல்லையை அனுபவிக்க வேண்டியிருக்காது.

ஒரு பெயர் மாற்றம் திறந்துவிட்ட கதவு

2020 செப்டம்பர் 1. வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே ஃபைல் மேனேஜர் வசதி தரும் ‘டபிள்யூபி ஃபைல் மேனேஜர்’ என்ற பிளகினில் பெரிய ஓட்டை இருப்பது அன்று வெளிச்சத்துக்கு வந்தது. அப்போது அது 7,00,000-க்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. தாக்குதல்கள் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தன.

ஓட்டை எப்படி வந்தது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த பிளகின், எல்ஃபைண்டர் என்ற திறமூல ஃபைல் மேனேஜரை உள்ளே வைத்துக் கட்டப்பட்டது. எல்ஃபைண்டரோடு, நிரலாளர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காக ஒரு மாதிரிக் கோப்பு வரும். யார் கேட்கிறார்கள் என்று சோதிக்காமல் கட்டளையை நிறைவேற்றும் எளிய மாதிரி அது. தவறிப்போயும் இயங்கிவிடக் கூடாது என்பதற்காக அதன் பெயரின் முடிவில் ‘பிஹெச்பி’க்குப் பிறகு ‘-டிஸ்ட்’ என்ற ஒட்டு இருக்கும். சர்வர் அதை நிரலாகக் கருதாது. பிளகினை உருவாக்கியவர்கள் அந்த ஒட்டை நீக்கி, கோப்பைத் தங்கள் தொகுப்போடு வெளியிட்டுவிட்டார்கள். அந்த நொடியிலிருந்து அது உயிருள்ள நிரல். கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அதன் முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் எவரும் சர்வரில் தங்கள் கோப்பை ஏற்றலாம்.

தாக்கியவர்கள் படம்போல் வேடமிட்ட பிஹெச்பி நிரல்களை ஏற்றினார்கள். அவற்றின் வழியே தளம் முழுவதும் அவர்கள் கட்டுப்பாட்டுக்குள் போனது. சில இடங்களில் உள்ளே நுழைந்தவர்கள், வேறு திருடர்கள் பின்னால் வராதபடி அந்த ஓட்டைக்குத் தாங்களே கடவுச்சொல் போட்டுப் பூட்டியதும் கண்டறியப்பட்டது. திருத்தப்பட்ட 6.9 பதிப்பு அன்றே வந்துவிட்டது. உடனே அப்டேட் செய்தவர்கள் தப்பினார்கள். பிளகினை நிறுவியதையே மறந்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆபத்தை அளக்கும் அட்டவணையில் இந்த ஓட்டைக்கு முழு மதிப்பெண், பத்துக்குப் பத்து, கொடுக்கப்பட்டது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேரும். கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாற உலகெங்கும் நிறுவனங்கள் பயன்படுத்திய மூவ்இட் டிரான்ஸ்ஃபர் மென்பொருளின் வலைப் பக்கத்தில் இருந்த ஓர் ஓட்டையை, 2023 மே கடைசியில் க்ளாப் என்ற குற்றக் கும்பல் பயன்படுத்தியது. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள் திருடுபோயின. அவர்களின் சம்பளப் பட்டியலைக் கையாண்ட வேறொரு நிறுவனம் அந்த மென்பொருளை வைத்திருந்ததே காரணம். கோப்புகள் இருக்கும் இடத்துக்கு வலைவழியே கதவு வைத்தால், அந்தக் கதவை நாள்தோறும் யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு வகை ஆபத்து, அவசரத்துக்கு வைத்துவிட்டு மறந்துபோவது. டைனி ஃபைல் மேனேஜர் என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு பிஹெச்பி கோப்பு. சர்வரில் போட்டால் உடனே இயங்கும். அதன் இயல்புக் கடவுச்சொல் அதன் வழிகாட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையோடு. மாற்றாமல் விட்டால் வழிகாட்டியைப் படித்த எவருக்கும் அந்தக் கடவுச்சொல் தெரியும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுவது இரண்டு கிளிக் வேலை.

சொந்த வீட்டில் சர்வர்

கூகுள் டிரைவும் டிராப்பாக்ஸும் இதே வகைத் திரைகள்தான். வேறுபாடு, சர்வர் அவர்களுடையது. தங்கள் கோப்புகளைத் தாங்களே வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்காக ஃபிராங்க் கார்லிட்செக் என்ற ஜெர்மானிய நிரலாளர் 2010-ல் ஓன்கிளவுட் திட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்து பிரிந்து 2016-ல் அவர் தொடங்கியது நெக்ஸ்ட்கிளவுட். இதை யாரும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளலாம். ஜெர்மனியின் மத்திய அரசு தன் நிர்வாகத்துக்கான கோப்புப் பகிர்வுக்கு 2018-ல் நெக்ஸ்ட்கிளவுடைத் தேர்ந்தெடுத்தது. அரசின் கோப்புகள் அயல்நாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்கக் கூடாது என்ற கவலைக்கு அது ஒரு பதில்.

பழைய கணினி ஒன்றிலோ, ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியிலோ இதை நிறுவி, குடும்பப் படங்களையும் பத்திரங்களின் நகல்களையும் வைத்திருக்கிறார்கள் பலர். இப்படிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாமல் விபிஎன் வழியே மட்டும் நுழையும்படி வைப்பது நல்லது. அப்டேட் செய்யும் பொறுப்பும் இனி நம்முடையது.

தவறான ஜன்னலில் ஒரு கட்டளை

இவ்வளவுக்குப் பிறகும் கோப்பு தொலையும். காரணம் திருடனாக இருக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஒரு சர்வரில் நீக்க வேண்டிய தரவுத்தள ஃபோல்டரை, அதேபோலத் தெரிந்த வேறொரு ஜன்னலில், உண்மையான சர்வரில் நீக்கிவிட்டார். நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அவர்களிடம் பல பேக்கப் முறைகள் இருந்தன. திறந்து பார்த்தபோது அவை ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகலால் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் அந்த நிறுவனம் உலகுக்குச் சொன்னது, மற்றவர்களுக்கும் அது பாடமானது.

அது கட்டளை வரியில் நடந்தது. பிரவுசரில் இரண்டு சர்வர்களின் ஃபைல் மேனேஜர்கள் இரண்டு டேப்களில் திறந்திருந்தாலும் இதே தவறு நடக்கலாம். எல்லா ஃபைல் மேனேஜர்களிலும் குப்பைத்தொட்டி கிடையாது. சிபேனலில் உண்டு. ஆனால் நீக்கும்போது ‘குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நிரந்தரமாக நீக்கு’ என்ற ஒரு சிறு கட்டம் வரும். அதை டிக் செய்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முழுவதும் எரிந்துபோனது. தளத்தையும் பேக்கப்பையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

பலர் அறியாத இன்னொரு செய்தி, வேர்ட்பிரஸ் தளத்தின் ‘பப்ளிக் எச்டிஎம்எல்’ ஃபோல்டரை முழுவதுமாக ஜிப் செய்து இறக்கிவிட்டாலும் பேக்கப் முடிந்துவிடாது. அதில் படங்கள், தீம், பிளகின்கள் இருக்கும். எழுதிய கட்டுரைகள், பக்கங்கள், வாசகர் கருத்துகள் எதுவும் இருக்காது. அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதைத் தனியாக, தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஹெச்பி-மைஅட்மின் வழியே ஏற்றுமதி செய்தாக வேண்டும். ஃபைல் மேனேஜரில் தெரிவதுதான் மொத்தத் தளம் என்று நம்பிப் பல வருட எழுத்தைப் பறிகொடுப்பது மிகவும் வருந்தத்தக்கது, தவிர்க்கக்கூடியதும்கூட.

ஆகவே சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒருமுறை உங்கள் ஹோஸ்டிங் கணக்குக்குள் நுழையுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள். பயன்படுத்தாத பிளகின்களையும் மறந்துபோன ஃபைல் மேனேஜர்களையும் நீக்குங்கள். 777 என்ற எண் எங்காவது இருந்தால், ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644 என்று மாற்றுங்கள். கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனித்தனியாக இறக்கி, உங்கள் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடங்களில் வையுங்கள். இறக்கிய ஜிப் கோப்பைத் திறந்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.